தோழியுடன் 2 நாள் நகரப் பயணம்: சாப்பாடா, மியூசியமா?

கேள்வி: அவளுக்கு மியூசியம் என்றால் உயிர், எனக்கோ தெருத்தெருவாக நடந்து சாப்பிட வேண்டும், இருப்பதோ சனி ஞாயிறு மட்டும்தான். மனக்கசப்பு வராமல் எப்படித் திட்டமிடுவது?

பதில் 1: முதலில் கிழமையைப் பாருங்கள். பல மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை, பாரிஸ் லூவ்ருக்குச் செவ்வாய், அதனால் சனி ஞாயிறு நல்லதுதான், ஆனால் கூட்டம் அள்ளும். நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்து, காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் எந்த ஓவியமும் மனதில் ஏறாது, அப்புறம் மதியம் முழுக்க உங்களுடையது.

பதில் 2: நிறைய உணவகங்கள் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடிவிடும், கவனம். ஒரே தட்டை இருவரும் பகிர்ந்தால் நாலு கடை ருசி பார்க்கலாம்.

பதில் 3: செலவுக் கணக்கைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு வேளை தனித்தனியாகச் சுற்றினாலும் தப்பில்லை.