கிட்டார் ஆரம்பத்துக்கு மெல்லிசு பிக்கா, 0.73 மி.மீ. பிக்கா?

குடந்தை_புதுசு:
வீணை பழகின கை. இப்போ ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டார். மேல்நோக்கி வாசிக்கும்போது பிக் (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) கம்பியில மாட்டிக்குது. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள விரலுக்குள்ள சுழண்டும் போகுது. கடையில 0.46, 0.73, 1.0 மி.மீ. இருக்கு. எது வாங்கலாம்?

ஐயாறு_தந்தி:
0.46 நைலான் வாங்குங்க. மெல்லிசு பிக் கம்பியில பட்டதும் வளைஞ்சு வழி விட்டுடும், மாட்டாது. ஸ்ட்ரம்மிங்ல, அதாவது எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சுல வாசிக்கிறப்போ, ஆறு கம்பியும் ஒரே அளவா கேக்கும். 1.0-ல ஆரம்பிச்சா அடி ஓங்கி விழும், முதல் கம்பி அறுந்தாலும் அறுந்துடும்.

மன்னை_மெட்ரோனோம்:
அண்ணே, வளைஞ்சு வழி விடுறதுதான் கெடுதல். பிக் கம்பிக்குள்ள எவ்வளவு ஆழம் போகுதுன்னு கைக்குத் தெரியாமலே போயிடும். ஒத்தைக் கம்பியில வாசிச்சா பிளாஸ்டிக் படபடக்குற சத்தம் முன்னாடி வரும்.

என் ஓட்டு டன்லப் கம்பெனியோட டார்டெக்ஸ் வகை பிக்ல மஞ்சளுக்கு, அது 0.73. (அதுல நிறத்தை வச்சே கனம் சொல்லலாம்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, பச்சை 0.88.) மேல்பரப்பு பவுடர் தடவின மாதிரி இருக்கும். நம்ம டெல்டா புழுக்கத்துல வழுவழு செல்லுலாய்டு பிளாஸ்டிக் பிக் வேர்வைக்கு நழுவும், இது நிக்கும்.

மாட்டுறதுக்குக் காரணம் கனமே இல்ல. வீணையில ஆள்காட்டியும் நடுவிரலும் கீழ்நோக்கித்தான் மீட்டும். மேல்நோக்கி வர்றது தாளக் கம்பிக்குச் சுண்டுவிரல் மட்டும். அதனால மேல்வீச்சு உங்க மணிக்கட்டுக்கே புதுசு. ஆள்காட்டியை மடக்கி, அதோட நுனிப் பக்கவாட்டில பிக்கை வச்சு, கட்டைவிரல் சதையால மூடுங்க. நுனி 3 முதல் 5 மி.மீ. வெளியே தெரிஞ்சா போதும். அதுக்கு மேல நீட்டினா கம்பி நெம்பித் திருப்பிடும், சுழலுறதுக்கு அதான் காரணம். கீழே போறப்போ நுனி லேசா கூரைப் பக்கம் சாயணும், மேல வர்றப்போ தரைப் பக்கம். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60, தட்டுக்கு ரெண்டு வீச்சு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு.

ஐயாறு_தந்தி:
சாய்வு சொன்னது சரி தம்பி. ஆனா புதுசா வர்றவங்க 0.73-ஐ நழுவிடும்னு இறுக்கிப் பிடிப்பாங்க. கட்டைவிரல் இறுகினா மணிக்கட்டு இறுகும், அப்புறம் முழங்கையிலேர்ந்து அடிப்பாங்க. அந்தப் பழக்கத்தை மாத்துறது பெரும்பாடு. நைலான்ல பிடிக்கிற இடம் மேடு தட்டியிருக்கு, லேசாப் பிடிச்சாலே நிக்கும்.

நாகை_நாதம்:
காலாவதியான ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. கனம். சிப்பும் காந்தப்பட்டையும் இல்லாத இடமா பாத்து, பழைய பிக்கை வச்சு வரைஞ்சு வெட்டுங்க. செலவில்லாம 0.73-ஐ சோதிச்சுப் பாக்கலாம்.

மன்னை_மெட்ரோனோம்:
வெட்டின விளிம்பை அப்படியே விட்டா சுத்துக்கம்பியில (மேல மெல்லிசு கம்பி சுத்தின தடிமன் கம்பி) கீச்சுன்னு உரசும். 800 நம்பர் உப்புத்தாள்ல ரெண்டு பக்கமும் தேய்ச்சு உருட்டணும். அப்படியும் அந்த பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். சோதிக்க மட்டும் சரி.

தந்தி அண்ணே, இறுக்கம் உண்மைதான். அதுக்கு பேப்பர்ல ஓட்டை போடுற பஞ்ச் மெஷினால பிக் நடுவுல ஒரு ஓட்டை போட்டா போதும். ரெண்டு விரல் சதையும் அதுல பதியும், பிடி தானா தளரும்.

ஐயாறு_தந்தி:
ஓட்டை நல்ல யோசனை. இருந்தாலும் கார்டு (chord, பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிறது) மட்டும் வாசிக்கிற வரைக்கும் 0.46-தான். ஒவ்வொரு ஸ்வரமா வாசிக்க ஆரம்பிக்கிற அன்னைக்கு மஞ்சளை எடுங்க.

மன்னை_மெட்ரோனோம்:
வீணைக்காரங்க முதல் நாளே ஸ்வரம்தான் வாசிப்பாங்க அண்ணே.