அம்மாவுக்கு நரம்பே கிடைக்க மாட்டேங்குது, போர்ட் வைக்கலாமா?

மதுரைப்பொண்ணு:
அம்மாவுக்கு 62 வயசு, மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்கு பரவிருக்கு. மாசாமாசம் எலும்புக்காக ஸோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ், நடுவுல வலி தாங்கலன்னா டே கேர்ல போய் டிரமடால் டிரிப்ஸ். இடது அக்குள்ல நெறிகட்டியெல்லாம் எடுத்துட்டதால அந்தக் கையில ஊசி வேண்டாம்னுட்டாங்க, வலது கைல கீமோ ஏறி ஏறி நரம்பெல்லாம் கயிறு மாதிரி இறுகிப்போச்சு. போன வாரம் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏத்தற ஊசிக்குழாய்) போட ஆறு தடவ குத்துனாங்க, அம்மா ஒண்ணும் சொல்லாம முகத்த திருப்பிக்கிட்டாங்க, என்னாலதான் பாக்க முடியல. ஒருத்தர் பிக் லைன்ங்கறார் (கை நரம்பு வழியா நெஞ்சு வரைக்கும் விடற நீளக் குழாய்), ஒருத்தர் போர்ட்ங்கறார் (நெஞ்சுத் தோலுக்கு அடியில வைக்கற சின்ன டப்பா, அதுலேர்ந்து குழாய் பெரிய நரம்புக்குப் போகும்). எது நல்லது?

கோவை65:
என் வீட்டுக்காரிக்கு ரெண்டு வருஷமா போர்ட் இருக்கு. தோலுக்கு அடியில இருக்கறதால தைரியமா குளிக்கலாம். ஆனா அதுல அதுக்குன்னே இருக்கற ஹியூபர் ஊசிதான் குத்தணும், சாதா ஊசி போட்டா உள்ள இருக்கற சிலிக்கான் மூடி பாழாயிடும், ஒவ்வொரு தடவையும் சிஸ்டர்கிட்ட கேட்டுட்டுதான் விடுவேன். பயன்படுத்தாத சமயத்துலயும் டாக்டர் சொன்ன கணக்குல ஃப்ளஷ் பண்ணணும், அதாவது குழாய் அடைச்சுக்காம மருந்துத் தண்ணி விட்டு அலசணும். ஒரு தடவ ஃப்ளஷ் பண்ணி ஒரு மணி நேரத்துல குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், ராத்திரின்னு பாக்காம ஓடுனோம், இன்ஃபெக்‌ஷன். அப்படி வந்தா விடியட்டும்னு இருக்காதீங்கம்மா.

வலிநிவாரண_சிஸ்டர்:
பிக் லைன் கைலேர்ந்து வெளிய தொங்கும், வாராவாரம் டிரெஸ்ஸிங் மாத்தணும், நனையக்கூடாது, அதுவும் அம்மாவுக்கு இருக்கறது ஒரே கை, அதுல ரத்தம் கட்டிக்கிட்டா ரொம்ப கஷ்டம். மாசம் ஒரு டிரிப்ஸுக்கு அது வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஸோலெட்ரோனிக்கை 12 வாரத்துக்கு ஒருதடவையா மாத்தலாமான்னு கேளுங்க, நிறைய பேருக்கு அப்படி குடுக்கறாங்க. அல்ட்ராசவுண்ட் வச்சு நரம்பு பாத்து போடுவாங்களான்னும் கேளுங்க.
அதவிட முக்கியம், வலிக்கு எதுக்கு நரம்பு வழியா? மார்ஃபின் மாத்திரை வாய் வழியாவே நல்லா கேக்கும், நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. முழுங்க முடியாதவங்களுக்குக்கூட தோலுக்கடியில பட்டர்ஃப்ளை ஊசி வச்சு குடுக்கலாம். 2014ல போதைப்பொருள் சட்டம் மாறுனதுக்கப்புறம் மார்ஃபின் அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரில கிடைக்கும்.

மதுரைப்பொண்ணு:
மார்ஃபின்னாலே கடைசி கட்டம்னு அம்மா பயப்படறாங்க சிஸ்டர்...

வலிநிவாரண_சிஸ்டர்:
அப்படி இல்லம்மா. வலி எவ்வளவோ அதுக்குத்தான் மார்ஃபின், நோய் எந்தக் கட்டம்ங்கறதுக்கு இல்ல. மாத்திரை போட்டுக்கிட்டு சமையல் பண்றவங்கள வாராவாரம் பாக்கறேன். டிரமடாலோட சேத்து நீங்களா குடுத்துடாதீங்க, டாக்டர்தான் மாத்தித் தரணும்.

மதுரைப்பொண்ணு:
வியாழக்கிழமை ஓபி, இதையெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போறேன். போர்ட் வச்சே ஆகணும்னா எந்தப் பக்கம்?

கோவை65:
பொதுவா ஆபரேஷன் பண்ணாத பக்கம், உங்களுக்கு வலது பக்கம், காறை எலும்புக்கு கீழ.