சென்னையில் ரன்னிங் ஷூவை ஓடிப்பார்த்து வாங்க முடியுமா?

மடிப்பாக்கத்துக்காரி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நடைப்பயிற்சியில் தொடங்கி, இப்போது நிற்காமல் ஓடும் அளவுக்கு வந்திருக்கிறேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓட வேண்டும் என்று மிகுந்த ஆசை.

சிக்கல் ஷூவில்தான். என் பாதம் விரல்கள் பக்கம் அகலம், குதிகால் பக்கம் ஒடுக்கம். சரியான நீளத்தில் எடுத்தால் சுண்டுவிரல் நசுங்குகிறது. ஒரு சைஸ் கூட்டினால் குதிகால் கழன்று கழன்று வருகிறது. தி.நகரில் ஒரு கடையில் புது ஷூவைப் போட்டுக்கொண்டு நான்கு எட்டு ஓடினேன். அதற்குள் விற்பனையாளர், “மேடம், அடிப்பக்கம் அழுக்காகிவிடும், உட்கார்ந்தே பாருங்கள்” என்றார். எட்டாயிரம் ரூபாய் ஷூ! புடவையைக்கூடத் தோளில் போட்டு, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதானே எடுக்கிறோம்? ஷூவை வாங்காமல் வந்துவிட்டேன்.

இணையத்தில் வரவழைத்துத் திருப்பி அனுப்பும் வேலைக்கு எனக்குப் பொறுமை இல்லை. சென்னையில் கொஞ்ச தூரமாவது ஓடிப்பார்க்க விடும் கடைகள் உண்டா? ஓடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஞாயிறு ஓட்டம்:

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கும் பெரிய விளையாட்டுப் பொருள் அங்காடிகளுக்குப் போய்ப் பாருங்கள். அலமாரிகளுக்கு நடுவே நீளமான நடைபாதை இருக்கும். நீங்கள் ஓடினால் யாரும் தடுக்கமாட்டார்கள். வேளச்சேரி, ராயப்பேட்டை மால்களில் உள்ள பிராண்டுக் கடைகள் சிறியவை. ஆனால் கூட்டமில்லாத வார நாளில் கேட்டால், கடை வாசல் வரை ஓடிவிட்டு வர விடுகிறார்கள். சனி, ஞாயிறு மாலையில் மட்டும் போகாதீர்கள்.

திருவிக பாலம்:

சகோதரி, தி.நகர் கடையில் உங்களுக்குக் கிடைத்த பதிலைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நிற்கும்போது உடல் எடையை இரண்டு கால்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. உட்கார்ந்திருக்கையில் மெத்தென்று இதமாக இருக்கும் ஷூ அடிப்பாகத்து நுரை, அந்த விசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம். அதை ஓடாமல் கண்டுபிடிக்க வழியே இல்லை. எனவே வாங்காமல் வந்தது மிகவும் சரி.

மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும். நம் ஊர் வெக்கையில் ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸை நம்ப வேண்டாம்.

காலை உள்ளே விடுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். ஷூவுக்குள் இருக்கும் மெத்தை அட்டையை உருவித் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையையும் கொடுத்து நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரம் அட்டையைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. விற்பனையாளர் “போடப்போட இளகிவிடும்” என்பார். மேல்துணி கொஞ்சம் தளரலாம். அடிப்பாகத்தின் அகலம் அதிகரிக்காது.

இனி உங்கள் சிக்கலுக்கு முக்கியமானது. பெண்களுக்கான ஷூவின் வழக்கமான அகலத்தை ‘பி’ என்றும், ஆண்களுடையதை ‘டி’ என்றும் குறிப்பார்கள். டி அகலமானது. இங்கே பெரும்பாலும் யூ.கே. அளவுதான், அதில் இருபாலருக்கும் நீளக் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பெண்கள் பிரிவில் 6 போடுகிறவர், சைஸைக் கூட்டாமல் ஆண்கள் பிரிவில் அதே 6ஐப் போட்டுப் பார்க்கலாம். நீளம் அதேபோல் இருக்கும், விரல்களுக்கு இடம் கிடைக்கும். அமெரிக்க அளவில் இந்தக் கணக்கு செல்லாது, எண் மாறும். ஷூ நாக்கின் உட்புறச் சீட்டைப் பார்த்துவிடுங்கள்.

அப்போது குதிகால் தளர்ந்தால், லேஸ் துளைகளில் கணுக்கால் அருகே தனியாக ஒன்று சும்மா இருக்கும், பாருங்கள். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டு, இருபுறமும் சிறு வளையமாக்குங்கள். வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் உட்கார்ந்துவிடும். இதற்காகவே வைத்த துளை அது. பலர் தொடுவதே இல்லை.

பிறகு ஓடுங்கள். உங்கள் வழக்கமான வேகத்தில், இரண்டு காலிலும் ஷூ போட்டுக்கொண்டு. படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் நீளம் போதாது. நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம்.

தரமணி வாசகன்:

பாலம் அண்ணா சொன்ன அகலப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் உரியதல்ல, சகோதரி. அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலம் என்பதுதான் அதில் தெரிந்தது. நமக்கென்று ‘பா’ என்ற தனி அளவுமுறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதுவே எல்லாக் கடைகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. டிரெட்மில்லில் ஓடவிட்டுப் படம்பிடித்து, “உங்கள் கால் உள்பக்கம் சாய்கிறது, இந்த ஷூதான் வேண்டும்” என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஓடும்போது உடல் எப்படி அசைகிறது என்று ஆராய்ந்தவரான, கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக், தன் சகாக்களுடன் 2015இல் எழுதிய கட்டுரையில், ஓடுபவர் தனக்கு வசதியாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி என்று வாதிட்டார். உங்கள் கால் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மடிப்பாக்கத்துக்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆண்கள் பிரிவில் பார்க்கலாம் என்று எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை! இந்த வாரமே போகிறேன். பழைய ஷூவையும் எடுத்துப்போகட்டுமா? மாரத்தானுக்கு எண் அட்டை வாங்கப் போகும் இடத்தில் ஷூ மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

திருவிக பாலம்:

பழையதைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் விவரமான விற்பனையாளருக்குப் பாதி விஷயம் புரியும். பழையதை ஒரு காலிலும் புதியதை மறு காலிலும் போட்டு நின்றால் உங்களுக்கும் வித்தியாசம் தெரியும். ஓடும்போது மட்டும் ஜோடியாகப் போடுங்கள்.

காத்திருக்க வேண்டாம். அங்கே வாங்கினால் ஓரிரு நாளில் அதே ஷூவோடு 10 கிலோமீட்டர் ஓட வேண்டிவரும், கொப்புளம் நிச்சயம். இப்போதே வாங்கி, முதலில் வீட்டுக்குள் போட்டு நடங்கள், பிறகு சிறு ஓட்டங்கள். பணம் கட்டுவதற்கு முன், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள், வெளியே ஓடிய ஷூவையும் ஏற்பார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.