ஜூன் லீவில் பூப்பள்ளத்தாக்கு: பிள்ளைகளை ஏமாத்துறதா?

ஈசூன் மதி
உத்தராகண்ட் பூப்பள்ளத்தாக்குக்கு ஜூன் லீவுல பிள்ளைகளோட போறோம்னு குடும்ப வாட்ஸ்அப்ல போட்டேன். "அப்ப பூவே இருக்காது, காசு தண்டம்"னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எனக்கு ஒப்பவே இல்ல. ஜூன் 1 அந்தப் பள்ளத்தாக்குப் பூங்கா திறக்குது. பனி உருகின ஈர மண்ணுல முதல்ல தலைகாட்டுற பூவைத்தான் நான் பார்க்கணும்.

பாசிர் ரிஸ் குமார்
அவங்க சொன்னது சரிதான்மா. நாங்க போனது ஜூன் முதல் வாரம். கண்ணுக்கு எட்டுன வரைக்கும் புல்லு, நடுவுல அழுக்குப் பனி. படத்துல பார்க்கிற பூக்கம்பளம் ஜூலை நடுவுலேருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும்தான். நீல பாப்பி, பிரம்மகமலமும் மழைக்காலத்துலதான். என் மகளுக்கு அப்ப 9 வயசு. முதல் நாள் பள்ளத்தாக்குக்குக் கீழே இருக்கிற கங்காரியா கிராமம் வரைக்கும் ஏறி, மறுநாள் பள்ளத்தாக்குக்கு நடந்து வந்துட்டு, "அப்பா, பூ எங்க?"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல. பூதான் வேணும்னா நம்ம சிங்கப்பூர்லயே ஃபிளவர் டோம் கண்ணாடித் தோட்டத்துக்குப் போங்க.

ஈசூன் மதி
அண்ணே, பனி விளிம்புல குனிஞ்சு பார்த்தீங்களா? பிரிமுலாங்கிற பூச்செடி அப்ப ஒரு சாண் உயரம்கூட இருக்காது. நின்னுக்கிட்டே பார்த்தா புல்லுதான் தெரியும். இந்த மாதிரி மலைச்செடிங்க பலதும் போன கோடையிலேயே மொட்டுக் கட்டிட்டு பனிக்கு அடியில கிடக்கும். வளர்றதுக்குச் சில மாசம்தான் கிடைக்குது. தாமதிச்சா விதை முத்துறதுக்குள்ள மறுபடி பனி விழுந்துடும். அதான் அந்த அவசரம். ஓடையோரச் சேத்துல கால்தாங்கிற மஞ்சள் பூவும் வரும். நம்ம ஊர்ல வருஷம் பூரா ஒரே வெயில், ஒரே மழை. ஃபிளவர் டோம்ல தோட்டக்காரங்க தொட்டியை மாத்தினாதான் பருவம் மாறும். பருவம் தானா மாறுறதை என் பிள்ளைங்க ஒரு தடவை பார்க்கட்டுமே.

தெம்பனிஸ் அத்தை
பூ ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்; கங்காரியா 3,000 மீட்டருக்கு மேல. உயரத்துக்கு உடம்பு பழக, பிள்ளைங்களை வழியில இருக்கிற ஜோஷிமட் ஊர்ல ஒரு நாளாவது தங்க வச்சு ஏத்து. ஆகஸ்ட்ல மண்சரிவு பயம். ஜூனையும் நம்பிடாதே, 2013 வெள்ளம் ஜூன்லதான் வந்துச்சு.

பாசிர் ரிஸ் குமார்
குனிஞ்சு பார்க்கல மதி, அது உண்மை. கம்பளத்தைத்தான் தேடினேன், மகளுக்கும் அதைத்தான் சொல்லி வச்சிருந்தேன். இப்பவும் ஆகஸ்ட்தான்னு சொல்வேன். ஆனா நீங்க போனா, பனி விளிம்புல இருக்கிற அந்தப் பூவைப் படம் எடுத்து இங்க போடுங்க. மகள்கிட்ட காட்டணும்.