வயது என்று சொல்லி இரண்டரை மாதம்

அப்பாவுக்கு 78 வயது. இருமல் இல்லை, சளி இல்லை. கைக்கடிகாரம் மட்டும் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டே போனது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். 'வயதானால் இப்படித்தான்' என்று முதலில் சொன்னது மருத்துவர் அல்ல, நாங்கள்தான். சூடும் 99 டிகிரியைத் தாண்டவில்லை. அதைக் காய்ச்சல் என்று யார் எழுதிவைப்பார்கள்?

மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை (சளியே வராதவரைக் காறித் துப்பச் சொல்லி வாங்கியது வெறும் எச்சில்தான்). காசநோய் இருக்கிறதா என்று தோலில் பார்க்கும் மான்டூ ஊசி போட்ட இடமும் தடிக்கவில்லை. காசநோய்ப் பேச்சு அத்தோடு முடிந்தது. ரத்தசோகை, எடை இழப்பு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (கல்லீரல், எலும்பு சார்ந்த நொதி) உயர்வு எல்லாம் சேர்ந்து புற்றுநோய்ச் சந்தேகத்தைக் கிளப்பின. எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன் என்று நாட்கள் ஓடின. ஒரு மாலை என்னைத் தன் அக்காவாக நினைத்துப் பேசத் தொடங்கினார். ரத்தத்தில் சோடியம் 118, மிகவும் குறைவு. சேர்த்த இடத்தில் ஒரு பயிற்சி மருத்துவர்தான் எக்ஸ்ரேயை மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டு நுரையீரலிலும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். எலும்பு மஜ்ஜை பயாப்ஸியில் உடலெங்கும் பரவிய காசநோய் என்று உறுதியானது.

*

நான் பொது மருத்துவர். மேலே உள்ளதைப் படிக்கச் சங்கடமாக இருந்தது. அதே மூன்று முடிவுகளை நானும் நம்பியிருக்கிறேன். பரவிய காசநோயில் கிருமி ரத்தத்தின் வழியே சிதறுகிறது, மூச்சுக்குழாய்க்குள் வராதவரை சளியில் அகப்படாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் புள்ளிகள் எக்ஸ்ரேயில் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், சி.டி. முன்னதாகவே காட்டிவிடும். முதுமையில் தோலின் எதிர்வினை மங்குவதால் மான்டூ ஏமாற்றும். 1700இல் ஜெனீவா மருத்துவர் ஜான் ஜேக்கப் மான்ஜே இந்தப் புள்ளிகளைத் தினைக்கு ஒப்பிட்டார். அவர் பார்த்தது பிணப்பரிசோதனையில். இன்றும் முதியவர்கள் சிலருக்கு இறந்த பிறகுதான் தெரியவருகிறது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தோள்வலி, இடுப்புவலி, ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) உயர்வோடு வந்த 80 வயது அம்மாவுக்கு ஸ்டீராய்டு தொடங்கினேன். பத்து நாள் எழுந்து நடமாடினார், எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் வாரம் மூச்சு வாங்க வந்தார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணைச் சோதித்த கண் மருத்துவர், விழித்திரைக்கு அடியில் மங்கிய மஞ்சள் புள்ளிகள் இருப்பதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது: அது பரவிய காசநோய், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஸ்டீராய்டை நான் அதற்குத் துணையாகக் கொடுத்திருந்தேன்.

*

என் மாமியாருக்கு நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் பாடே தொடங்கியது. கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு ஆறு வாரம் காத்திராமல் மாத்திரை கொடுத்தார்கள், அது நல்லதாகப் போயிற்று. ஆனால் மூன்றாம் வாரம் மாத்திரையால் கல்லீரல் பாதித்துக் கண் மஞ்சளித்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்தார்கள். முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை? பசி திரும்பியதா?

*

அப்பாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள். நான்காம் வாரம் அவரே தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, கட்டினால் சுழல்கிறது.