கூலண்டுக்குத் தமிழ்ச்சொல்: குளிர்வியா, ஆற்றுநீரா, சூடாற்றியா?

நாகர்கோவிலிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

நாம் எழுதும் கார் பராமரிப்புக் கையேட்டில் எஞ்சின் கூலண்ட் (எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துப்போகும் திரவம்) பகுதிக்கு வந்திருக்கிறோம். வரைவில் 'குளிர்வி' என்று எழுதியிருந்தேன். 'குளிர்நீர்', 'உறைதடுப்பி' என்று இரண்டு மாற்றுச் சொற்கள் வந்துள்ளன. உறைதடுப்பியை இப்போதே விலக்கிவிடலாம். கீரிப்பாறை, மாறாமலை ஏறினாலும் தண்ணீர் உறையும் குளிர் நம் மாவட்டத்தில் கிடையாது. அந்தப் பெயரைப் படிப்பவர் 'நமக்கு இது எதற்கு' என்று பச்சைத் தண்ணீரையே ஊற்றுவார். மீதி இரண்டில் எது சரி? ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

> மீதி இரண்டில் எது சரி?

இரண்டும் வேண்டாம் ஐயா. அதே காரில் ஏசி வாயுவும் இருக்கிறது. அதையும் குளிர்வி என்றும் குளிர்பதனி என்றும் எழுதுகிறார்கள். பில்லில் 'குளிர்வி மாற்றியது' என்று இருந்தால் வண்டிக்காரர் எதை மாற்றியதாக எடுத்துக்கொள்வார்?

அதைவிட முக்கியம், எஞ்சினைக் குளிர வைப்பது இந்தத் திரவத்தின் வேலையே அல்ல. எஞ்சின் சூடாகும்வரை திரவத்தை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள்தான் திறக்கத் தொடங்கும். எஞ்சின் 90 டிகிரியை ஒட்டி ஓடவேண்டும். அதற்கு வெகு கீழே ஓடினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும். 'நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வழக்கம் இருக்கிறது. குளிர்வி என்ற சொல் அந்தத் தவறுக்குத் துணைபோகும்.

கடையில் சாயாவை ஆற்றித் தருகிறவர் அதைக் குளிர வைப்பதில்லை, குடிக்கிற சூட்டுக்குக் கொண்டுவருகிறார். இங்கேயும் நடப்பது ஆற்றுதல்தான். 'ஆற்றுநீர்' என்று வைக்கலாமா?

குளச்சலிலிருந்து

அண்ணே, 'ஆற்று' அருமை. 'நீர்' மட்டும் கூடாது. ஆற்றுநீர் என்றால் குழித்துறையில் ஓடும் தண்ணீர் என்றுதான் யாரும் படிப்பார்கள். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. ஏற்கெனவே நம் பக்கம் 'ரேடியேட்டர்ல வெள்ளம் (தண்ணீர்) இருக்கா பாரு' என்றுதான் பேச்சு. பெயரிலும் நீர் வந்தால் கிணற்றுத் தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது.

கடலோரத்தில் இது சின்ன விஷயமல்ல. கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் அதிலுள்ள குளோரைடு, அலுமினிய ரேடியேட்டரையும் சிலிண்டர் ஹெட்டையும் புள்ளி புள்ளியாக அரித்துத் துளைக்கும். கடினநீரென்றால் கால்சியமும் மக்னீசியமும் சூடான பரப்பில் படிந்து கல்லாகும். அந்தக் கல் சூடு வெளியேறும் வழியை அடைக்கும். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீர் அல்லது கனிமம் நீக்கிய நீர் மட்டுமே. கடையில் 'பேட்டரி தண்ணி' என்று கேட்டால் கிடைக்கும். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்கவேண்டும்.

தக்கலையிலிருந்து

ஆற்று என்பதை வைத்தே 'ஆற்றி' என்று முடிக்கலாம். கடத்தி, வினையூக்கி எல்லாம் பொருள்களுக்குப் பெயரான 'இ' ஈற்றுச் சொற்கள்தான். கருவிக்கு மட்டுமே அது வரும் என்பதில்லை.

ஆனால் 'வெப்பம்' சேர்க்காதீர்கள். வெப்பம் + ஆற்றி சேர்ந்தால் 'வெப்பமாற்றி'. வெப்ப + மாற்றி சேர்ந்தாலும் அதே 'வெப்பமாற்றி'. இரண்டாவது ஏற்கெனவே வேறொரு கருவிக்கு வழங்கும் பெயர், ரேடியேட்டரே அந்த வகைதான். திரவமும் அது ஓடும் பெட்டியும் ஒரே பெயரில் நிற்கும். சூடு + ஆற்றி = சூடாற்றி. குழப்பமில்லை, வீட்டில் புழங்கும் சொல்லும்கூட.

ரேடியேட்டரைக் 'கதிர்வீசி' என்று பெயர்க்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதில் பெரும்பங்கு சூட்டை எடுத்துப்போவது தகடுகளினூடே பாயும் காற்று, கதிர்வீச்சு அல்ல. ரேடியேட்டர் என்றே இருக்கட்டும்.

அடிக்கடி வரும் கேள்வி: உறையும் குளிர் இல்லாதபோது கிளைக்கால் (கூலண்டில் தண்ணீரோடு கலந்திருக்கும் உறைதடுப்புத் திரவம்) எதற்கு? தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்தத் தண்ணீருக்கு 4.18 கிலோஜூல், பாதிக்குப் பாதி கலவைக்குச் சுமார் 3.5 மட்டுமே. ஆனால் ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தம் பிடிக்கும்போது தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும், கலவை சுமார் 129 வரை தாங்கும். ஹெட்டுக்குள் ஓரிடத்தில் ஆவிக்குமிழ் எழுந்தால் அங்கே சூடு எடுபடாது. ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அரிமானத் தடுப்பானும் தண்ணீர் கலக்காத செறிவுத் திரவத்தோடுதான் வருகிறது. கலவையில் அதன் பங்கு 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தக் காப்பும் நீர்த்துவிடும். அதற்காகச் செறிவை அப்படியே ஊற்றுவதும் தவறு, சூட்டைச் சுமக்கும் திறன் குறையும்.

நாகர்கோவிலிலிருந்து

சூடாற்றியை ஏற்கிறேன். முதல்முறை வரும்போது 'சூடாற்றி, அதாவது கூலண்ட்' என்று எழுதிவிட்டுத் தொடரலாம். சோதனைப் பகுதியின் வரைவு கீழே. சொல்லையும் செய்முறையையும் சேர்த்தே திருத்துங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் அழுத்த மூடியைத் திறக்கவும். சூடாற்றியின் நிறத்தைப் பார்க்கவும். பச்சை என்றால் பழைய வகை, இளஞ்சிவப்பு என்றால் கரிம அமில வகை. ஒளிவிலகல்மானியில் இரண்டு சொட்டு விட்டுச் செறிவைப் படிக்கவும். அழுத்தச் சோதனைப் பம்பை மாட்டி 1.5 பார் ஏற்றி, கசிவு உண்டா என்று பார்க்கவும்.

மார்த்தாண்டத்திலிருந்து

> பச்சை என்றால் பழைய வகை, இளஞ்சிவப்பு என்றால் கரிம அமில வகை.

இந்த வரியை எடுத்துவிடுங்கள் ஐயா. நிறம் வெறும் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் உள்ள தர எண்ணைக் கேனில் பார்த்துத்தான் வாங்கவேண்டும். வகை மாறிக் கலந்தால் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுக்கும், சிலநேரம் கூழாகத் திரளும். நிறத்தால் அறியக்கூடியது வேறு: துருப்பழுப்பு என்றால் அரிமானம், சாயாவில் பால் விட்டதுபோல் இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது.

> 1.5 பார் ஏற்றி

மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல ஹோஸும் பிய்ந்துபோகும். மூடியின் அளவுக்கு ஏற்றிப் பதினைந்து நிமிடம் விடவேண்டும். முள் இறங்கி, வெளியே ஈரம் எங்கும் இல்லையென்றால் உள்கசிவைச் சந்தேகிக்கவேண்டும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையையும், காருக்குள் ஹீட்டர் பக்கத்துக் கால்விரிப்பையும் பாருங்கள். மூடியையும் தனியாகப் பம்பில் மாட்டிச் சோதிக்கவேண்டும், அதன் ரப்பர் வளையம் போனாலே கொதிநிலை இறங்கிவிடும்.

ஒளிவிலகல்மானியை முதலில் காய்ச்சி வடித்த நீரால் சுழிக்குக் கொண்டுவரவேண்டும் என்பதையும், எத்திலீன் கிளைக்காலுக்கும் புரொப்பிலீன் கிளைக்காலுக்கும் அளவுகோல் வேறு என்பதையும் சேருங்கள். செறிவு சரியாக இருந்தாலும் தடுப்பான் தீர்ந்திருக்கலாம். அதற்குச் சோதனைத் தாள் வேண்டும், பி.ஹெச். 7-க்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும்.

மின்சோதனையும் விட்டுப்போயிருக்கிறது. மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ்வில், சிவப்பு முனை உலோகத்தில் படாமல் சூடாற்றிக்குள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.3-ஐத் தாண்டினால் கோளாறு. எல்லாம் அணைந்திருக்கும்போதே காட்டினால் சூடாற்றி கெட்டுவிட்டது. விளக்கும் ஃபேனும் போட்டபின் ஏறினால் எர்த் வயர் சரியில்லை, கசிவு மின்னோட்டம் சூடாற்றி வழியாகப் போகிறது. இதைச் சரிசெய்யாமல் புது ரேடியேட்டர் போட்டால் அதுவும் ஓட்டையாகும்.

குளச்சலிலிருந்து

மாற்றும் பகுதிக்கு இரண்டு சொற்கள் தேவைப்படும்: தண்ணீர் சேர்க்கவேண்டியது 'செறி சூடாற்றி', அப்படியே ஊற்றுவது 'கலந்த சூடாற்றி'. பிரித்துச் சொல்லாவிட்டால் கணக்கு தவறும். 6 லிட்டர் கொள்ளும் வண்டியைக் கழுவி வடித்தால் 4 லிட்டர் வரும், 2 லிட்டர் கழுவிய தண்ணீர் எஞ்சின் பிளாக்கில் தங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்த சூடாற்றி 4 லிட்டர் ஊற்றினால் கிடைப்பது 33 விழுக்காடுதான். செறி சூடாற்றி 3 லிட்டரும் அதன்மேல் 1 லிட்டர் வடித்த நீரும் ஊற்றினால்தான் சரிபாதி. கழுவுவதற்கும் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்பது இதிலிருந்தே தெரியும், தங்குகிற 2 லிட்டரும் உள்ளேதானே இருக்கப்போகிறது.

உள்ளே காற்று சிக்கி நிற்பதற்குக் 'காற்றுப் பூட்டு' என்று வரைவில் இருப்பதைக் 'காற்றடைப்பு' என்று மாற்றலாம். நிரப்பியபின் ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்துவைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறியபின் அளவைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குழந்தையோ நாயோ குடித்துவிடும். ஓடையிலும் கிணற்றங்கரையிலும் கொட்டக்கூடாது. மூடிய கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் தனியாகக் கொடுக்கவேண்டும், ஆயிலோடு கலக்காமல்.

நாகர்கோவிலிலிருந்து

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். சொற்பட்டியலில் சூடாற்றி, செறி சூடாற்றி, கலந்த சூடாற்றி, அழுத்த மூடி, காற்றடைப்பு, கசிவுத் துளை, அரிமானத் தடுப்பான் உறுதியாகிவிட்டன. தெர்மோஸ்டாட்டுக்கு 'வெப்பநிலைக் காப்பி' என்று ஒருவர் தந்திருக்கிறார். காப்பி என்றதும் குடிப்பதுதான் நினைவுக்கு வரும் என்பதால் தனி இழையில் பேசுவோம்.