பத்துக்குப் பத்து அறையும் ஒரு கிட்டாரும்: வீட்டில் ரெக்கார்டிங் செய்யப் போய்ப் பட்ட பாடு

சென்னை, கொளத்தூர்

கிட்டார் பிடித்துப் பதினொரு வருடம் ஆகிறது. மேடை ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டு, எல்லோரும் படுத்த பிறகு ஒரு மணி நேரம் வாசிப்பேன். போன தீபாவளிக்கு போனஸ் வந்தபோதுதான், நாம் வாசிப்பது மற்றவர் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு தடவை கேட்டுவிடலாமே என்று தோன்றியது.

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ரிச்சி தெருவில் கேபிளும் ஸ்டாண்டும். மென்பொருளுக்குக் காசு தரவில்லை. ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். மகளின் படிப்பறைதான் ஸ்டுடியோ. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் கிட்டத்தட்ட பத்தடி. வாடகை வீடுகளில் சாதாரணமாகக் கிடைக்கிற அளவு. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

முதல் டேக்கைப் போட்டுக் கேட்டபோது கிட்டாரைவிட ஃபேன்தான் நன்றாக வாசித்திருந்தது. அதை நிறுத்தி இன்னொன்று எடுத்தேன். இப்போது வேறு தொல்லை. மற்ற ஐந்து கம்பிகளும் ஒழுங்காக இருக்க, ஐந்தாவது கம்பி, அதாவது A, தொட்டாலே ‘கும்ம்’ என்று குமுறியது. மைக்கை சவுண்ட் ஹோலுக்கு, அதாவது கிட்டாரின் வயிற்றிலுள்ள ஓட்டைக்கு, நேராக வைத்தது தப்பு என்று படித்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டி) எதிரே ஒரு அடி தள்ளி வைத்தேன். பொதுவான கனம் குறைந்தது. A கம்பியின் குமுறல் குறையவில்லை. புதுக் கம்பி மாற்றினேன். ஓர் அங்குல ஃபோம் வாங்கி டபுள் சைடு டேப்பில் சுவரெல்லாம் ஒட்டினேன். கைதட்டினால் எழும் எதிரொலி அடங்கியது, அவ்வளவுதான். ஐப்பசி மழையின் ஈரத்தில் டேப் பிடி விட்டு, நடுராத்திரியில் ஃபோம் ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கிட்டாரையே சந்தேகப்பட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மடியில் வைத்து நாலு தட்டு தட்டினார். எந்தக் குமுறலும் இல்லை. “கிட்டார்ல ஒண்ணுமில்ல சார். வீட்டப் பாருங்க” என்றார். வாஸ்து சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

அவர் சொன்னது சரிதான். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி, அதாவது 3.05 மீட்டர். போய் வர 6.1 மீட்டர். 345-ஐ அதால் வகுத்தால் 56, 57 ஹெர்ட்ஸ் வருகிறது, அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வு. அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் அறை தானே சேர்ந்து ஒலிக்கும். இரண்டாவது மடங்கு 113. கிட்டாரின் A கம்பி எத்தனை என்று நினைக்கிறீர்கள்? 110. பக்கத்து வீட்டுக்காரர்கள்! அறை செவ்வகமாக இருந்தால் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று இந்தக் குமுறல் பிரிந்துபோகும். என் அறை சர்க்கரைக் கட்டி மாதிரி மூன்று பக்கமும் ஒரே அளவு. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து என் A கம்பியின் மேல் உட்கார்ந்துவிட்டன. 113 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே மூன்று மீட்டர்; ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்?

போதாக்குறைக்கு நான் உட்கார்ந்த இடம். அறையின் நட்டநடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. சென்னையில் வேறெங்கே உட்காருவோம்? ஃபேனை நிறுத்திய பிறகும் பழக்கதோஷத்தில் அங்கேயே இருந்தேன். அந்த இரண்டாவது மடங்கு உச்சத்தில் இருப்பதும் சுவரோரங்களிலும் நடுவிலும்தான். அடங்கும் இடம் கால்வாசியில், சுவரிலிருந்து இரண்டரை அடியில்.

ஒரு ஞாயிறு மதியம் மகளை நடுவில் என் இடத்தில் உட்காரவைத்து A கம்பியை மட்டும் விடாமல் தட்டச் சொன்னேன். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி அறையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். ஜன்னல் பக்கம் போகப் போக குமுறல் இறங்கி, ஓரிடத்தில் சட்டென்று கம்பி மட்டும் தனியாகக் கேட்டது. தரையில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு டேப் வைத்து அளந்தேன். இரண்டே முக்கால் அடி. “அப்பா, போதுமா? விரல் வலிக்குது” என்றாள். பிறகு அவள் தட்டுகிற இடத்தையும் நடுவிலிருந்து நகர்த்தினோம். இன்னும் அடங்கியது. செலவு ஒரு சாக்பீஸ். ஃபோமுக்குப் போன நாலாயிரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் பரண் மேலிருக்கும் எவர்சில்வர் சாமான்கள். இரண்டாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைத் தொட்டால் அங்கே எதுவோ ‘ஙீ’ என்று கூடவே பாடும். ஏறிப் பார்த்தால், அம்மாவின் சீர் தாம்பாளம் ஒன்று அண்டாவின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு துண்டைச் செருகினேன். ஸ்டீல் பீரோ இன்னும் மோசம். அதன் கதவிடுக்கில் மடித்த அட்டை வைத்த பிறகுதான் வாயை மூடியது.

நேரம் பற்றிச் சொல்லவேண்டுமானால், இரவு பதினொன்றரை முதல் மூன்றரை வரைதான். அதன்பின் பால் வண்டி, அதன்பின் குயில். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் இரண்டு டேக்குக்கு மேல் தாங்காது. வியர்வை முழங்கையிலிருந்து சொட்டி கிட்டாரில் விழும். வாசித்ததும் கம்பியைத் துடைத்து வைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்தில் இரண்டே வாரத்தில் துரு.

உங்கள் அறைகள் எப்படி? ஊரைப் போட்டு எழுதுங்கள்.

கோவை

எனக்கு அறை படுத்தவில்லை, கரன்ட்தான் படுத்தியது. நான் வாசிப்பது எலக்ட்ரிக் கிட்டார், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற, ஒரே சுருள் உள்ள பாகம்). இன்டர்ஃபேஸில் செருகினாலே ‘ங்ங்ங்’ என்று ஓர் உறுமல். கம்பியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் கூடும். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ்; அதுவும் அதன் மடங்குகளும்தான் இந்த உறுமல் என்பது வரை தெரிந்தது. கேபிள் மாற்றினேன். விலை உயர்ந்த கேபிள் வாங்கினேன். உறுமல் இன்னும் துல்லியமாகக் கேட்டது!

ஒரு நாள் சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப் பேட்டரியில் வாசித்தேன். உறுமல் பெருமளவு போய்விட்டது. சரி, சார்ஜர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். ஆனால் சார்ஜர் செருகியிருக்கும்போது, வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று கிட்டாரில் கம்பிகள் வந்து முடிகிற உலோக பிரிட்ஜைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. அது பயமாக இருந்ததால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “எர்த் எல்லாம் சரியாத்தான் இழுத்திருக்காங்க்கா. ஆனா அந்தப் பக்கம் போய்ச் சேரலயே” என்றார்.

இது தாத்தா கட்டிய வீடு. கொல்லைப்புறத்தில் எர்த் குழி இருக்கிறது. உப்பும் கரியும் போட்டு மூடிய குழி. கோடையில் தாத்தா தினமும் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுவார். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்பார். சின்ன வயதில் அது ஏதோ செடிக்கு என்று நினைத்திருந்தேன். அவர் போன பிறகு யாரும் ஊற்றவில்லை, கம்பியும் அரித்து அறுந்திருந்தது. புதுக் குழி தோண்டி எர்த் போட்டதும் ஊறலும் நின்றது, உறுமலும் முக்கால்வாசி நின்றது. இவ்வளவு வருடம் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன. கிட்டார் வாங்கியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

மிச்சமிருந்த கால்வாசி, பிக்கப்பின் சுபாவம். அதை ஒழிக்கத்தான் 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி ஹம்பக்கர் என்கிற பிக்கப்பைச் செய்தார். எனக்கு சிங்கிள் காயிலின் குரல்தான் பிடிக்கும், அதனால் மாற்றவில்லை. உட்கார்ந்த நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் உறுமல் நன்றாகக் குறையும். என் வீட்டில் அது பூஜை அறைப் பக்கம். அம்மாவுக்கு ஏகத் திருப்தி.

யாரும் தயவுசெய்து உறுமலைக் குறைக்க மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டாதீர்கள். எனக்கும் ஒருவர் அந்த யோசனை சொன்னார். அது உயிரோடு விளையாடுகிற வேலை.

திருநெல்வேலி

நான் காலேஜ் பையன், இன்டர்ஃபேஸ் எல்லாம் இல்லாமல் லேப்டாப்பின் மைக் சாக்கெட்டிலேயே ஆரம்பித்தேன். கம்பியைத் தட்டினால் ஹெட்போனில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். தாளம் பிசகுவது என் கை என்று நினைத்து ஒரு மாதம் மெட்ரோனோம் வைத்துச் சாதகம் செய்தேன். கடைசியில் பார்த்தால் பஃபர், அதாவது லேப்டாப் ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை, 1024-இல் இருந்தது. விநாடிக்கு 44,100 துணுக்கு; அதால் வகுத்தால் 23 மில்லிசெகண்ட், அதுவும் உள்ளே போகிற ஒரு பாதைக்கு மட்டும். எட்டு மீட்டர் தள்ளி நின்று யாரோ வாசிப்பதைக் கேட்பதற்குச் சமம். 128-க்கு இறக்கினால் 3-க்கும் கீழே வந்துவிடும், ஆனால் என் பழைய லேப்டாப் ‘டப் டப்’ என்று பொரிந்தது. அப்புறம் ஒரு பழைய இன்டர்ஃபேஸ் கிடைத்து, அதில் லேப்டாப்புக்குள் போய் வராமல் ஒலியை நேராக ஹெட்போனுக்கு அனுப்புகிற டைரக்ட் மானிட்டர் பட்டனை அமுக்கியதும் பிரச்சினையே இல்லை. ஒரு மாதச் சாதகம் வீண் போகவில்லை, அதுவரை சந்தோஷம்.

சிங்கப்பூர்

இங்கே எச்டிபி என்கிற அரசு அடுக்குமாடி வீடுகளில், 1998-க்குப் பிறகு கட்டியவற்றில், வீட்டுக்குள்ளேயே ஒரு பாம் ஷெல்டர், குண்டு விழுந்தால் பதுங்குகிற அறை, உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. எல்லோரும் அதில் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும்தான் வைத்திருப்போம். கொளத்தூர்க்காரர் ஃபேனும் குயிலும் என்கிறார், எனக்கு மேல் மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம். ஒரு நாள் ஷெல்டரைக் காலி செய்து கிட்டாரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வெளிச் சத்தம் சுத்தமாக இல்லை! சொர்க்கம் என்று நினைத்தேன். கம்பிகளைச் சேர்த்து முதல் கார்டை அடித்ததும் குளியலறையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் எதிரொலி. சத்தம் உள்ளே வராமல் இருப்பது வேறு, உள்ளே இருக்கும் சத்தம் அடங்குவது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மெத்தையை உள்ளே இழுத்துப் போட்டேன். எதிரொலி போயிற்று, எனக்கு உட்கார இடமும் போயிற்று. காற்றோட்டம் வேறு போதவில்லை. பத்து நிமிடத்தில் மூச்சு முட்டியது, மனைவி வந்து கதவைத் தட்டினாள்.

இப்போது படுக்கையறையில், துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளுக்குப் பக்கத்தில் மைக்கை வைக்கிறேன். இதைவிட நல்ல ‘ஸ்டுடியோ’ எனக்கு அமையவில்லை.

சென்னை, கொளத்தூர்

சிங்கப்பூர் நண்பர் சொன்னதை முயன்றேன். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு முன்னால், சாக்பீஸ் குறியை விட்டு நகராமல். தரைக்குப் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டேன். கம்பியில் விரல் உரசுவதுகூட இதமாகக் கேட்கிறது. மனைவி வந்து பார்த்து, “பட்டுப்புடவை மேல வேர்வை பட்டுச்சுன்னா தெரியும் சேதி” என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டு காட்டனை மட்டும் தொங்கவிட்டிருக்கிறேன்.

கோவைக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டு எர்த்தையும் பார்க்கச் சொன்னேன். ஹவுஸ் ஓனர் “இத்தனை வருஷமா யாரும் கேட்டதில்லையே” என்றார். ஆள் வருகிறார்.

A கம்பியில் இன்னும் ஒரு துளி குமுறல் பாக்கி. மூலைகளில் ஆளுயரத்துக்கு ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்கிற பஞ்சுப் பலகை) வைத்தால் அடங்கும் என்கிறார்கள், ஆனால் அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது, துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். சென்னையில் இரண்டங்குல ராக்வூலை முழுக் கட்டாக இல்லாமல் நாலைந்து பலகையாகச் சில்லறைக்குக் கொடுக்கிற கடை யாருக்காவது தெரியுமா? அவசரமில்லை. ஆடி பிறந்துவிட்டது, தெருமுனை அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். கூழ் ஊற்றி முடிகிற வரை மைக்கைப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைத்திருக்கிறேன்.